சுருக்குப்பையில் ஒன்பது பல்

பான் ஜொங்ராக் ஐயாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு மூன்றாவது வார்த்தைக்கே மூச்சு வாங்கும். நேராக நடப்பார். தொப்பியைச் சுத்தமாக வைத்திருப்பார். மற்றதை எல்லாம் இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

யோங்ஜு சந்தைத் தெருவில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிற பல் கிளினிக்கில் நான் இருபத்தாறு வருஷமாக வேலை பார்க்கிறேன். பல்லைச் சுத்தம் செய்வது, எக்ஸ்ரே எடுப்பது, டாக்டர் மா பிடுங்கும்போது பக்கத்தில் நின்று உறிஞ்சு குழாயைப் பிடிப்பது, எல்லாம் நான்தான். என் பெயர் மியோங்ரான். ஐம்பது வயதாகிறது. ஜொங்ராக் ஐயா இன்றுவரைக்கும் என்னை "ஏ பாப்பா" என்றுதான் கூப்பிடுகிறார்.

அவர் பாம்கோல் கிராமத்துப் பெரிய வீட்டின் மூத்த வாரிசு. பதினேழாவது தலைமுறை. இதை அவரே சொல்வார், நீங்கள் கேட்கவே வேண்டாம். முப்பது வருஷம் விவசாயக் கூட்டுறவு அலுவலகத்தில் ரசீதுகளுக்கு முத்திரை குத்தினார். குத்தி முடித்து ஓய்வு பெற்றதும் அவருக்குக் கிடைத்த பொழுதுபோக்கு, மற்றவர்கள் வீட்டுச் சாவு. யார் வீட்டில் எழவு விழுந்தாலும் தொப்பியை மாட்டிக்கொண்டு வந்துவிடுவார். சவத்துணியின் முடிச்சு சரியில்லை என்பார். பழம் வைத்த திசை சரியில்லை என்பார். அழுகிற பெண்ணிடம் போய், அழுகை சரியில்லை என்றுகூடச் சொல்லியிருக்கிறார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் என் அம்மா போனபோதும் வந்தார். எங்கள் பக்கத்தில் பழைய வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. அப்பா அம்மா கொடுத்த உடம்பைக் குறையாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று, செத்தவருடைய முடியையும் நகத்தையும் சின்னச் சின்ன சுருக்குப்பைகளில் போட்டுச் சவப்பெட்டியில் வைப்பார்கள். உயிரோடு இருக்கும்போது விழுந்த பல்லைச் சேர்த்து வைத்திருந்தால் அதையும் வைப்பார்கள். என் அம்மா கூடத்தில் கிடக்கிறாள். இந்த மனிதர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"பல்லு எங்க?" என்றார்.

"என்ன பல்லு, ஐயா?"

"உங்கம்மா பல்லு. ஊர்ப் பல்லெல்லாம் பொறுக்குற வேலை பாக்குற. பெத்தவ பல்லைச் சேத்து வெக்கத் தெரியலையா பாப்பா? எங்கப்பாவை நான் ஒரு நகத்துணுக்கு குறையாம அனுப்பினேன். அஞ்சு பல்லு, பையில போட்டு, என் கையால வெச்சேன். உங்கம்மா குறையோடதான் போறா."

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவின் பல்லை எல்லாம் நானேதான் மருத்துவக் கழிவு டப்பாவில் போட்டேன். அது விதி, எல்லாருக்கும் அப்படித்தான். ஆனாலும் இறங்கவில்லை. அன்றைக்கே அந்த மனிதரை மனசுக்குள் நூறு தடவை அறைந்தேன்.

அப்பேர்ப்பட்டவர் போன வருஷம் பனி உருகும் சமயத்தில் எங்கள் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். மேல் முன்பல் ஆறும் ஆடிக்கொண்டிருந்தன. ஈறெல்லாம் சீழ். ஐம்பது வருஷமாகச் சோஜு சாராய பாட்டில் மூடியைப் பல்லாலேயே திறந்து காட்டிப் பெருமை அடித்தவர். இப்போது பேசினால் விசில் அடித்தது.

அவருக்கு அவசரம். பத்தாம் மாதம் மூதாதையர் கல்லறை மேட்டில் பெரிய படையல் நடக்கும். குடும்பத்து ஆண்கள் நாற்பது பேர் கூடுவார்கள். அங்கே வேண்டுதல் ஓலையை உரக்க வாசிப்பது மூத்த வாரிசின் உரிமை. வாசிக்க முடியாவிட்டால் அது சித்தப்பா மகன் கியோலுக்குப் போய்விடும். கியோல் குரலும் கணீரென்றிருக்கும், பல்லும் இருக்கிறது. அந்த நினைப்பே ஜொங்ராக் ஐயாவைக் கொன்றுகொண்டிருந்தது.

டாக்டர் மா படத்தைக் காட்டிப் பொறுமையாகச் சொன்னார். ஆறையும் எடுக்க வேண்டும். தாடை எலும்பு கரைந்துவிட்டது. எலும்பு இல்லாமல் இம்ப்ளான்ட் திருகு நிற்காது, முதலில் எலும்புத் தூள் வைத்து நிரப்ப வேண்டும்.

"என்ன தூளு?"

"மாட்டெலும்புத் தூள் இருக்கு, ஐயா. நல்லா சுத்தம் பண்ணினது."

"மாடா! பதினேழாவது தலைமுறை வாரிசு வாயில மாட்டை வெப்பியா?"

"இறந்தவங்க தானம் குடுத்த எலும்பும் இருக்கு."

"யாரு எலும்பு? எந்த வம்சம்?"

டாக்டர் மாவுக்குச் சிரிப்பை அடக்க முகமூடி இருந்தது. எனக்கும் இருந்தது, நல்லவேளை. "வெளிநாட்டு எலும்பு, ஐயா. வம்சம் எழுதி வராது" என்றார் டாக்டர்.

"வேண்டாம்!"

அப்போதுதான் டாக்டர் மூன்றாவது வழியைச் சொன்னார். பிடுங்கின பல்லையே சியோலில் இருக்கிற ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால், சுத்தம் பண்ணிப் பொடியாக்கி, பெயர் ஒட்டின சீசாவில் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். பல்லும் எலும்பும் கிட்டத்தட்ட ஒரே சரக்கு. அதையே அவர் தாடையில் வைக்கலாம். சொந்தப் பல், சொந்த எலும்பு.

ஜொங்ராக் ஐயா முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவருக்கென்றே கண்டுபிடித்த வைத்தியம் மாதிரி பூரித்துப் போனார். படி இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார். மருந்துக்கடையில், முடிவெட்டுகிற கடையில், பஸ் நிலையத்தில், எங்கே பார்த்தாலும் அதே பேச்சுதான். "என் உடம்புல அந்நியமா ஒரு துளி கெடையாது. எங்கப்பா குடுத்த பல்லு, திரும்ப என் தாடைக்கே போகுது. நீங்கல்லாம் மாட்டையும் பன்னியையும் வெச்சுக்கிட்டு அலையுங்க." மருந்துக்கடைக்காரருக்கு உண்மையாகவே வாயில் பன்றி எலும்புதான். பாவம், ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை.

ஒரு குறை மட்டும் இருந்தது. முன்பல்லுக்கு வேர் ஒல்லி, ஆறு பல்லின் பொடி பாதிப் பள்ளத்துக்குத்தான் காணும். "முன்னாடி எடுத்த பல்லு ஏதாவது வீட்ல வெச்சிருக்கீங்களா? கொண்டு வாங்க, ஆகுமான்னு பாக்கலாம்" என்றார் டாக்டர்.

"வெச்சிருக்கேனாவா? நான் யாரு!" என்றார்.

பிடுங்குகிற நாளன்று அவருடைய தங்கை, நான் அக்கா என்று கூப்பிடுகிற ஒக்ஜோம்தான், அவரைத் தன் சின்ன லாரியில் கூட்டி வந்தாள். அறுபத்தொரு வயது, ஆப்பிள் தோட்டம், உழைத்து உரமேறின கை. அப்பாவை அவருடைய கடைசி ஒன்பது வருஷம் பார்த்துக்கொண்டவள் இவள்தான் என்று ஊருக்கே தெரியும். வாரிசு அண்ணன் அப்போது முத்திரை குத்திக்கொண்டிருந்தார். அக்கா வெளியே பெஞ்சில் உட்கார, ஐயா உள்ளே வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்புப் பட்டுச் சுருக்குப்பையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"ஏ பாப்பா, இந்தா. பத்திரம்."

டாக்டர் கை கழுவப் போனார். நான் பையைத் தட்டில் கவிழ்த்தேன். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிற படிவத்தில் எந்தப் பல், எத்தனையாவது பல் என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். எண்ணினேன். ஒன்பது.

எக்ஸ்ரேயைப் பார்த்தேன். அவர் வாயில் இல்லாதது நாலே நாலு, நாலும் கடைவாய்ப்பல். தட்டிலோ முன்பல் இரண்டு கிடந்தது, கோரைப்பல் ஒன்று கிடந்தது. அவருடைய முன்பல்லும் கோரைப்பல்லும் ஒன்று குறையாமல் அவர் வாயிலேயே இருக்கின்றன, ஆடிக்கொண்டு.

மறுபடியும் பார்த்தேன். நாலு கடைவாய்ப்பல்லில் வெள்ளி அடைப்பு இருந்தது, அது அவருடையது. மீதி ஐந்தும் எந்த டாக்டரையும் பார்த்திராத பல். தேய்ந்து தட்டையாகி, புகையிலைக் கறை ஏறி, பழுப்பாக இருந்தன. அதில் கோரைப்பல்லின் ஓரத்தில் அரைவட்டமாக ஒரு பள்ளம். நீளப் புகைக்குழாயை நாற்பது ஐம்பது வருஷம் ஒரே இடத்தில் கடித்துப் பிடித்தால்தான் அப்படித் தேயும். ஜொங்ராக் ஐயா புகை பிடிக்கிற ஆளே இல்லை.

அம்மா சாவன்று அவர் சொன்னது ஞாபகம் வந்தது. ஐந்து பல், பையில் போட்டு, என் கையால் வைத்தேன். எத்தனை சாவு வீட்டில் சொல்லியிருப்பார்!

"ஐயா, இதுல ஒம்பது இருக்கு" என்றேன்.

"இருக்கட்டும். ஜாஸ்தியா இருந்தா நல்லதுதானே?"

"உங்க வாயில போனது நாலுதான்."

"யாரு எண்ணப் போறா?"

"நான்தான் எண்ணுவேன். அதுக்குத்தான் இங்க இருக்கேன்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "சும்மா எழுது பாப்பா. எல்லாம் ஒரே வீட்டு எலும்புதான்."

அந்த நேரம் பார்த்துத்தான் லாரியைத் தள்ளி நிறுத்தச் சொல்கிறார்கள், எவ்வளவு நேரமாகும் என்று கேட்க ஒக்ஜோம் அக்கா கதவைத் திறந்தாள். கேட்க வந்ததைக் கேட்கவில்லை. தட்டையே பார்த்தாள்.

"அண்ணே, இந்தப் பை ஏது?"

"இதுவா? இது... வேற பை. அப்பாவுக்கு வெச்சதைப் பாத்து அதே மாதிரி ஒண்ணு தைக்கச் சொன்னேன்."

அக்கா பையை எடுத்து ஓரத்தைத் திருப்பினாள். "என் கல்யாணப் பாவாடையை வெட்டித் தெச்சது இது. செவப்பு நூலு தீர்ந்துபோயி கடைசி நாலு தையலைப் பச்சை நூலால போட்டேன். அதையும் பாத்தா தெச்சாங்க?"

ஐயா வாயை மூடிக்கொண்டார். எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

"பெட்டிக்கிட்ட வராதே, கட்டிக்குடுத்த பொண்ணு வேற வீட்டு ஆளுன்னு சொன்னீங்க. சரின்னு உங்க கையில குடுத்தேன். வெச்சுட்டேன்னு சொன்னீங்களே அண்ணே!"

பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. சவப்பெட்டிக்கு முன்னால் நின்று முடிச்சு போடுகிறவனைத் திட்டுவதில் மும்முரமாக இருந்தாராம். பை, துக்க உடையின் கைமடிப்பிலேயே தங்கிவிட்டது. புதைத்த மூன்றாம் நாள்தான் பார்த்தார். மண்ணைத் தோண்டவா முடியும்? அலமாரியில் போட்டார். அதோடு விட்டாரா? தன் பல் ஒவ்வொன்றாக விழ விழ, வேறு பை தைக்கச் சொல்லச் சோம்பல்பட்டு, அதையும் அப்பா பையிலேயே போட்டுவந்திருக்கிறார். சோம்பேறித்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?

"இப்ப என்ன ஆச்சு? எங்கப்பா எலும்பு என் தாடைக்கு வந்தா அதுவும் மரியாதைதானே?" என்றார். சொல்லும்போது ஒரு பல் ஆடியது.

"பதினாலு வருஷமா அவரு பல்லில்லாமக் கெடக்காரு அண்ணே" என்றாள் அக்கா. "ஒவ்வொண்ணு விழும்போதும் என் கையில குடுத்து, ஒக்ஜோம், வெச்சிரு, அங்க போனா எங்கம்மா கேப்பாம்பாரு. சத்தியம் பண்ணிக் குடுத்தேன் அவருக்கு."

அழுதாள். நானும் அழுதேன், கையில் இடுக்கியோடு. டாக்டர் மா ஈரக்கையோடு வாசலில் நின்றுகொண்டு, "அடுத்தவங்க பல்லை அவங்க பேர்ல அனுப்ப முடியாது, மியோங்ரான். பிரிச்சுக் குடுத்துரு" என்றார்.

பிரித்தேன். ஐந்து அக்காவிடம் போனது. நாலு அவருடையது. அந்த நாலும் வேர் அழுகி, பாதி அடைப்பாகவே இருந்ததால் எதற்கும் ஆகாது என்று டாக்டர் ஒதுக்கிவிட்டார்.

"அப்ப மீதிப் பள்ளத்துக்கு?" என்றார் ஐயா. அக்காவின் அழுகைகூட ஓயவில்லை, இவருக்குப் பள்ளம்தான் கவலை.

"மாடுதான், ஐயா."

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். கியோலின் கணீர்க் குரல் காதில் கேட்டிருக்க வேண்டும். "சரி வெய்யி. ஆனா பேப்பர்ல எழுதாதே" என்றார்.

எழுதினேன். கொட்டை எழுத்தில் எழுதினேன்.

போகும்போது அக்கா அவரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "பத்தாம் மாசப் படையலுக்கு நான் வரேன். எல்லார் முன்னாடியும் அப்பா மேட்டுல இதைப் புதைக்கணும். ஏன் பதினாலு வருஷம் ஆச்சுன்னு நீங்களே உங்க வாயால அவருகிட்ட சொல்லணும். அது போதும் எனக்கு."

அதற்கப்புறம் ஏழு மாதம் அந்த மனிதர் பட்ட பாடு! நாம் இரண்டு பேர் மட்டும் ஒரு சாதாரண நாளில் போய்ப் புதைத்துவிடலாம் என்று கெஞ்சினார். பெட்டி பெட்டியாகக் காக்கிப் பழம் அனுப்பினார், தன் தோட்டத்தில் அணில் கடித்ததை. பெண்கள் படையலுக்கு வருவது வழக்கமில்லை என்று ஆள் விட்டுச் சொன்னார். அக்கா எதற்கும் பதில் சொல்லவில்லை. இதற்கிடையில் பொடி வந்தது, மாட்டோடு கலந்து வைத்தோம், எலும்பு பிடித்தது, திருகு ஏறியது, மேலே தற்காலிகப் பல்லும் வந்துவிட்டது. வெளியே போனதும் பழைய கதைதான். என் உடம்பில் அந்நியமாக ஒரு துளி கிடையாதாம்! நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

படையலுக்கு முதல் நாள் அக்கா போன் பண்ணினாள். "தங்கச்சி, நீயும் வா. எது அப்பாவோடதுன்னு யாராவது கேட்டா சொல்றதுக்கு ஆள் வேணும்."

போனேன். நோயாளி வாயில் பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது என்று எனக்கும் தெரியும். பேசாமல் நிற்பது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் போனேன்.

பைன் மரச் சரிவில் நாற்பது ஆண்கள், சணல் அங்கி, கறுப்புத் தொப்பி. கல் மேடையில் பழம், அரிசிப் பலகாரம், காய்ந்த மீன். ஜொங்ராக் ஐயா ஓலையை வாசித்தார். ஒரு விசில் இல்லை, ஒரு தடங்கல் இல்லை. சொல்லத்தான் வேண்டும், டாக்டர் மா நல்ல வேலைக்காரர். தலைமுறை தலைமுறையாகப் பெயர்களை அழைத்தார், கடைசியில் அப்பா பெயரும் வந்தது. அப்பாவிடம் சொல்ல வேண்டியது மட்டும் வரவில்லை. ஓலையை மடித்துவிட்டார்.

ஒக்ஜோம் அக்கா களைக்கொத்தோடு முன்னால் போய் நின்றாள். தோட்டத்துச் சட்டை, ரப்பர் பூட்ஸ். தொண்ணூற்றொரு வயதுச் சித்தப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். "யாரிது?"

"என் தங்கச்சிதான், சித்தப்பா. மேட்டுல களை பிடுங்க வந்திருக்கா" என்றார் ஜொங்ராக் ஐயா.

அக்கா அவரைப் பார்த்தாள். அவருக்கு இன்னும் ஒரு வாய்ப்புக் கொடுக்கிற மாதிரிதான் பார்த்தாள். அவர் தொப்பியைச் சரிசெய்தார். அவள் பையை அவிழ்த்து ஐந்து பல்லையும் கல் மேடையில், காய்ந்த மீனுக்குப் பக்கத்தில் கொட்டினாள்.

"இதுதான் களையா அண்ணே?"

நாற்பது தொப்பியும் குனிந்தன. "என்னது அது, ஜொங்ராக்?" என்றார் சித்தப்பா.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். மறந்துவிட்டேன், தப்புதான் என்று இரண்டு வார்த்தை. அவ்வளவு பெரிய மனிதர் நாற்பது பேர் முன்னால், அவர் அப்பா படுத்திருக்கிற மண்மேல் நின்றுகொண்டு, கை உதறினார்.

"அது ஏதோ மாட்டுப் பல்லு. இவளுக்குப் புத்தி சரியில்ல."

என் முடிவெல்லாம் காற்றில் போனது. என் அம்மா கூடத்தில் கிடந்தது கண்முன்னால் வந்தது.

"மாடு உங்க தாடையில இருக்கு, ஐயா" என்றேன். நல்ல சத்தமாகத்தான் வந்தது. "மேல, முன்பக்கம். நான்தான் கரண்டியில எடுத்துக் குடுத்தேன். இங்க இருக்கறது உங்க அப்பா."

கியோல் தொண்டையைச் செருமினார். சித்தப்பா மெல்ல நடந்து வந்து கோரைப்பல்லை எடுத்தார். சுண்டுவிரல் நகத்தை அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தார். பொருந்தியது.

"எங்கண்ணன் குழாய் வெக்கிற எடம்" என்றார். அப்புறம் திரும்பாமலே, "ஜொங்ராக், தள்ளி நில்லு" என்றார்.

தள்ளி நின்றார். வாய் நிறையப் புதுப் பல்லை வைத்துக்கொண்டு, எதுவும் பேசாமல் நின்றார்.

சித்தப்பா மதுக் கிண்ணத்தை அக்கா கையில் கொடுத்தார். அந்த மேட்டில் ஒரு மகள் மது ஊற்றி அதுவரை யாரும் பார்த்ததில்லை. அக்கா முழங்காலிட்டு, களைக்கொத்தால் ஒரு முழம் தோண்டி, ஐந்து பல்லையும் திரும்பப் பையில் போட்டு உள்ளே வைத்து, மதுவை மேலே ஊற்றினாள். கையாலேயே மண்ணைத் தள்ளி மூடித் தட்டினாள்.

"அப்பா, அஞ்சும் இருக்கு" என்றாள். "எண்ணிப் பாத்துக்கோங்க."